பள்ளிக்கு நெட் வேண்டும்: கேரள எல்லைத் தமிழ்ப் பள்ளிகள் அரசுப் பணம் கேட்பது எப்படி?

பள்ளிக்கு இன்டர்நெட் போட அரசு பணம் தருமா என்று பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். தரும். ஆனால் அதற்கென்று ஒரே ஃபார்ம், ஒரே ஆபீஸ் கிடையாது. அமெரிக்காவில் ஈ-ரேட் என்ற ஒரே திட்டத்தில் பள்ளிகளுக்கு நெட் கட்டணத்தில் 20 முதல் 90 விழுக்காடு வரையும், உள் வயரிங்கில் 85 விழுக்காடு வரையும் தள்ளுபடி கிடைக்கிறது. இங்கே ஃபைபர் ஒருவர் கையில், கம்ப்யூட்டர் இன்னொருவர் கையில், மாத பில் வேறொரு கணக்கில், சுவரில் வயர் இழுப்பது பஞ்சாயத்தின் பொறுப்பில். "எங்கள் பள்ளிக்கு இன்டர்நெட் வசதி செய்து தர வேண்டும்" என்று மொட்டையாக எழுதிய மனு எந்த மேஜையிலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

தேவையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய வாசலில் கேட்க வேண்டும். பாலக்காட்டுக் கிழக்கில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, அட்டப்பாடி. இடுக்கியில் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு. இந்தப் பக்கங்களில் தமிழ் மீடியம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளின் ஹெச்.எம்.களையும் பி.டி.ஏ., எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) உறுப்பினர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் பள்ளி எந்த வகை?

இதைத் தெளிவாக்காமல் ஒரு காகிதமும் எழுத வேண்டாம். அரசுப் பள்ளியா, எய்டடா (அரசு உதவி பெறும் தனியார் பள்ளி), அன்எய்டடா (உதவி பெறாதது)? எல்.பி. (தொடக்கப் பள்ளி), யு.பி. (நடுநிலைப் பள்ளி), ஹைஸ்கூல், ஹயர் செகண்டரியில் எது?

1994-ஆம் ஆண்டு கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்துக்குப் பிறகு அரசு எல்.பி., யு.பி. பள்ளிகள் கிராம பஞ்சாயத்தின் பொறுப்புக்கு வந்தன. அரசு ஹைஸ்கூலும் ஹயர் செகண்டரியும் ஜில்லா பஞ்சாயத்துக்கு. நகரசபை எல்லைக்குள் இருந்தால் நகரசபை. ஆக, எருத்தேம்பதியில் உள்ள ஒரு அரசு எல்.பி. பள்ளி பாலக்காடு ஜில்லா பஞ்சாயத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. உங்கள் வார்டு மெம்பர்தான் முதல் ஆள்.

எய்டட் பள்ளியில் கட்டடமும் வயரிங்கும் மேனேஜர் பொறுப்பு. மலைத் தோட்டங்களில் உள்ள பழைய பள்ளிகள் பலவும் எய்டட்தான், அங்கே மேனேஜர் என்பவர் எஸ்டேட் நிர்வாகத்தைச் சேர்ந்தவராக இருப்பார். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. அன்எய்டட் பள்ளிகளுக்கு இங்கே சொல்லப்போகும் பெரும்பாலான வாசல்கள் திறக்காது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் செலவிட வேண்டிய 2 விழுக்காடு சமூகப் பொறுப்பு நிதியில் கல்வியும் அடங்கும். அவர்கள் முயல வேண்டிய இடம் அது.

2. புதிதாகக் கேட்பதற்கு முன் இருப்பதைப் பாருங்கள்

கேரளத்தில் பள்ளிக் கம்ப்யூட்டர், நெட் இரண்டுக்கும் மையமான நிறுவனம் கைட். முன்பு ஐடி அட் ஸ்கூல் என்று இருந்தது 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 8 முதல் 12 வரையான 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர் வந்தன. அடுத்து எல்.பி., யு.பி. பள்ளிகளுக்கு ஹைடெக் லேப். இரண்டிலும் அரசுப் பள்ளிகளோடு எய்டட் பள்ளிகளும் சேர்ந்தே இருந்தன. 2022-இல் பி.எஸ்.என்.எல்.லோடு ஒப்பந்தம் போட்டு ஹைடெக் பள்ளிகளின் பிராட்பேண்ட் வேகத்தை 100 எம்.பி.பி.எஸ். ஆக உயர்த்தினார்கள்.

இதோடு கே-ஃபோன். மாநில அரசின் இந்த ஃபைபர் வலையமைப்பை 2023 ஜூன் 5-ஆம் தேதி தொடங்கி வைத்தார்கள். 30,000 அரசு அலுவலகங்கள், நிறுவனங்களை இணைப்பது இலக்கு, பள்ளிகளும் அதில் உண்டு. கேபிள் கே.எஸ்.இ.பி. கம்பங்கள் வழியாகவே வருகிறது.

எனவே ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள். ஹைஸ்கூல் என்றால் எஸ்.ஐ.டி.சி. (பள்ளி ஐ.டி. ஒருங்கிணைப்பாளர்) டீச்சரிடம், பிரைமரி என்றால் ஐ.டி. பொறுப்பு டீச்சரிடம் கேளுங்கள்: பி.எஸ்.என்.எல். இணைப்பு உண்டா, எந்த எண்ணில், பில் யார் பெயரில் வருகிறது? கே-ஃபோன் பெட்டி சுவரில் மாட்டியிருக்கிறதா, மாட்டியிருந்தால் விளக்கு எரிகிறதா? பெட்டி மாட்டியும் இணைப்பு உயிர்பெறாத பள்ளிக்குத் தேவை புதிய மானியம் இல்லை. கைட்டின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு புகார் போதும். ஹைடெக் கருவிகளுக்கு 5 ஆண்டு வாரண்டி இருந்தது, 2018-இல் வந்தவற்றுக்கு அது முடிந்துவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழுதான லேப்டாப்புகளின் எண்ணிக்கை பின்னால் மனுவில் தேவைப்படும்.

3. தேவையைத் துண்டாக்குங்கள்

ஒரு தாளில் ஐந்து தலைப்புகள் போடுங்கள்: (1) வெளியிலிருந்து வரும் இணைப்பு, (2) பள்ளிக்குள் வயரிங், சுவிட்ச், வைஃபை, (3) கருவிகள், (4) மாத பில், (5) மின்சாரமும் பாதுகாப்பும்.

இணைப்பு விஷயத்தில் அதிகம் கேட்கத் தேவையில்லை. ஒரு வீடியோ ஓட 5 எம்.பி.பி.எஸ். தாராளம். 12 கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தாலும் 60. ஆகவே 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு எந்த யு.பி. பள்ளிக்கும் போதும். எல்லைப் பகுதிகளில் மொபைல் சிம்மை நம்பி டாங்கிள் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்நாட்டு டவர், கேரள டவர் என்று சிக்னல் தாவும், மலையிலோ மேகம் இறங்கினால் வேகமும் இறங்கும்.

பணம் கேட்க எல்லோரும் மறக்கிற துண்டு உள் வயரிங். ஹெச்.எம். ரூம் வரை 100 எம்.பி.பி.எஸ். வந்து நிற்கும், எதிர்க் கட்டடத்தில் உள்ள ஏழாம் வகுப்புக்கு எட்டாது. தெருவில் குழாய் வந்தும் வீட்டுக்குள் பைப் இழுக்காத கதை. லேன் கேபிள் ஒரு நீளத்துக்கு 100 மீட்டர்தான், அதற்கு மேல் நம்பக்கூடாது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செப்பு லேன் கேபிளை வெளியே இழுக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை துலாமழையில் இடுக்கியிலும் பாலக்காட்டிலும் விழுகிற இடி அந்தக் கேபிள் வழியாகவே உள்ளே வந்து சுவிட்ச், மோடம், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்து எரித்துவிடும். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் போடச் சொல்லுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. செலவு கொஞ்சம் கூடும், ஆனால் எஸ்டிமேட்டில் முதலிலேயே எழுதிவிட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். பாதியில் சேர்த்தால்தான் ஆடிட்டில் கேள்வி வரும். எர்த்திங் சரிபார்ப்பு, சர்ஜ் ப்ரொடெக்டர், மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். மூன்றும் ஐந்தாவது தலைப்பில் கட்டாயம் வர வேண்டும்.

4. எந்தத் துண்டு எந்த வாசலில்?

*சமக்ர சிக்ஷா, ஐ.சி.டி. லேப்.* 2018-இல் மூன்று பழைய திட்டங்களைச் சேர்த்து மத்திய அரசு உருவாக்கிய பள்ளிக் கல்வித் திட்டம் இது. செலவில் மத்திய பங்கு 60, மாநிலப் பங்கு 40. 6 முதல் 12 வரை வகுப்புகள் உள்ள அரசு, எய்டட் பள்ளிகளுக்கு ஐ.சி.டி. லேப் (கம்ப்யூட்டர் லேப்) அமைக்க ஒருமுறைத் தொகை 6.40 லட்சம் ரூபாய் வரை, பிறகு ஆண்டுக்கு 2.40 லட்சம் வரை ஐந்து ஆண்டுகளுக்கு என்பது விதிமுறையில் உள்ள அளவு. ஸ்மார்ட் வகுப்பறை என்றால் 2.40 லட்சமும் ஆண்டுக்கு 38,000-மும். பள்ளி நேரடியாக இதற்கு விண்ணப்பிப்பது கிடையாது. பி.ஆர்.சி. (பிளாக் வள மையம்) வழியாக மாவட்டத் திட்டத்தில் ஏறி, மாநிலத் திட்டமாகி, டெல்லியில் திட்ட அனுமதிக் குழுவில் முடிவாக வேண்டும். எல்.பி. பள்ளிகள் இந்தப் பட்டியலிலேயே இல்லை. இன்னொன்று, பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தம் தொடர்பான மத்திய-மாநிலச் சண்டையில் கேரளத்துக்கு சமக்ர சிக்ஷா பணம் வருவது தடைபட்ட அனுபவம் உண்டு. இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

*காம்போசிட் ஸ்கூல் கிராண்ட்.* இதுவும் சமக்ர சிக்ஷா பணம்தான், மாத பில்லுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது இதுதான். மின்கட்டணம், தண்ணீர், கற்பித்தல் பொருட்களோடு இன்டர்நெட்டும் இதன் செலவுப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். தொகை பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1,00,000. இதில் குறைந்தது 10 விழுக்காடு சுத்தம், சுகாதாரத்துக்குப் போக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 600 ரூபாய் பிளான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி என்றாலும் இன்டர்நெட் பில்லில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, ஆக 708. ஆண்டுக்கு 8,496. 90 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 25,000-இல் சுத்தத்துக்கு 2,500 போக, நெட் பில்லையும் கட்டி 14,004 ரூபாய் மிஞ்சும். சமாளிக்கலாம். 28 பிள்ளைகள் உள்ள மலைப் பள்ளிக்கு? 10,000-இல் 1,000 போனால் 9,000. நெட் பில் கட்டினால் மிச்சம் 504 ரூபாய். அதில்தான் ஆண்டு முழுவதற்கும் சாக்பீஸ், கரண்ட் பில், பல்பு. நம் எல்லைத் தமிழ்ப் பள்ளிகளில் இப்படிச் சிறியவை நிறைய. பெரிய பள்ளிக்கும் சிறிய பள்ளிக்கும் நெட் வாடகை ஒன்றுதான், கிராண்ட் மட்டும் தலையை எண்ணி வருகிறது. இந்தக் கணக்கை அப்படியே ஒரு தாளில் எழுதி பஞ்சாயத்து மனுவோடு இணைத்துவிடுங்கள். இதைவிட வலுவான வாதம் சிறிய பள்ளிக்கு வேறு கிடைக்காது.

*பஞ்சாயத்து.* என் கணிப்பில் எல்.பி., யு.பி. பள்ளிகளுக்கு இதுவே முக்கிய வாசல். உள் வயரிங், பராமரிப்பு, கருவிகள், சிறிய பள்ளிகளின் பில் சுமை எல்லாவற்றையும் இங்கே பேசலாம். ஆனால் காலம் தப்பினால் ஓர் ஆண்டு போயிற்று. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான திட்டம் முந்தைய மாதங்களிலேயே செயற்குழு, கிராமசபை, வளர்ச்சிக் கருத்தரங்கு, பஞ்சாயத்து கமிட்டி என்று நகர்ந்து மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்குப் போய்விடும். எனவே கிராமசபையில் ஒரு பெற்றோர் எழுந்து இந்தக் கோரிக்கையைச் சொல்ல வேண்டும், அது மினிட்ஸில் ஏற வேண்டும். ஹெச்.எம். சொல்வதைவிட, "எங்க புள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல நெட் இல்லீங்க பிரசிடெண்ட்" என்று ஒரு அம்மா சொல்வதற்கு மதிப்பு அதிகம். அரசுப் பள்ளி சார்ந்த பஞ்சாயத்துத் திட்டங்களுக்கு நிர்வகண உத்தியோகஸ்தராக (திட்டத்தை நடத்தும் அதிகாரி) ஒரு ஹெச்.எம்.மையே வைப்பது வழக்கம். அவர் யார் என்று கேட்டு, எஸ்டிமேட்டை அவரிடமும் கொடுங்கள்.

அட்டப்பாடி போல பழங்குடிப் பிள்ளைகள் அதிகமுள்ள இடங்களில் பஞ்சாயத்தின் பழங்குடி உபதிட்ட ஒதுக்கீடு தனியாக இருக்கும். பொதுப் பிரிவில் இடமில்லை என்றால் அதில் கேட்கலாம்.

*எம்.எல்.ஏ., எம்.பி. நிதி.* எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி வளர்ச்சி நிதி, கலெக்டர் வழியாகச் செலவாகும். எம்.எல்.ஏ. நிதியிலும் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர், புரொஜெக்டர் வாங்கித் தருவது கேரளத்தில் சாதாரணம். இரண்டிலும் மாத பில் மாதிரி தொடர் செலவு கேட்காதீர்கள், கிடைக்காது. மூன்றாவது தலைப்பான கருவிகளுக்கு மட்டும் இந்த வாசல்.

*பாரத்நெட்.* கிராம பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்தியத் திட்டம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் கிராமப்புற அரசு செகண்டரிப் பள்ளிகள் அனைத்துக்கும் இதன் வழியே பிராட்பேண்ட் என்று அறிவித்தார்கள். அரசு ஹைஸ்கூல் ஹெச்.எம். இதை மேற்கோள் காட்டி டி.இ.ஓ. (கல்வி மாவட்ட அதிகாரி) ஆபீஸுக்கு எழுதி வைக்கலாம். பிரைமரிக்கு இதில் இடமில்லை.

5. யுடைஸ் பதிவில் கை வைக்காமல் எதுவும் நடக்காது

மேலே சொன்ன சமக்ர சிக்ஷா பணம் முழுவதும் யுடைஸ் பிளஸ் என்ற மத்திய அரசின் பள்ளித் தரவுப் பதிவைப் பார்த்தே முடிவாகிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு, கேரளப் பள்ளிகளுக்கு 32 என்று தொடங்கும். அதில் இன்டர்நெட் வசதி உண்டா, வேலை செய்யும் கம்ப்யூட்டர் எத்தனை என்று கேள்விகள் இருக்கின்றன.

பல பள்ளிகள் சறுக்குவது இங்கேதான். டீச்சரின் போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை ஓடுகிறது என்பதற்காக "இன்டர்நெட் உண்டு" என்று போட்டுவிடுவார்கள், பள்ளிக்கு மானம் போகக் கூடாதல்லவா! பழுதாகி அலமாரியில் கிடக்கும் லேப்டாப்பையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். பிறகு "எங்களிடம் ஒன்றும் இல்லை" என்று மனு போனால், எதிரே உட்கார்ந்திருப்பவர் திரையைத் திருப்பிக் காட்டுவார். இல்லாததை இல்லை என்று பதியுங்கள். மனுவில் எழுதும் எண்ணும் யுடைஸில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். மாணவர் எண்ணிக்கையை சம்பூர்ணா என்ற மாநில மாணவர் பதிவு மென்பொருளில் உள்ளதோடும் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

6. மனு எழுதுவது

தமிழில் எழுதலாமா? எழுதலாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் உரிமை உண்டு. ஆனாலும் மலையாளத்தில் ஒரு பிரதியை இணைத்துவிடுவது நல்லது. உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்புக்கென்று ஃபைல் எங்கேயாவது உட்கார்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பஞ்சாயத்துக்கான மனுவின் உடல் இந்த அளவு இருந்தால் போதும்:

"எங்கள் பள்ளியில் 1 முதல் 7 வரை தமிழ் மீடியத்தில் ___ மாணவர்கள் படிக்கிறார்கள். யுடைஸ் எண் ___. பி.எஸ்.என்.எல். இணைப்பு ஹெச்.எம். அறை வரை உள்ளது. லேப் உள்ள எதிர்க் கட்டடத்துக்கு இணைப்பு இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு இடையே ___ மீட்டர் ஃபைபர், ஒரு சுவிட்ச், இரண்டு வைஃபை கருவிகள், எர்த்திங், சர்ஜ் ப்ரொடெக்டர் அமைக்க இணைப்பில் உள்ள எஸ்டிமேட்டின்படி ___ ரூபாய் தேவை. மாத பில்லைப் பள்ளி கிராண்டிலிருந்து செலுத்துகிறோம். ___ தேதி எஸ்.எம்.சி. தீர்மான நகலும் கிராமசபை மினிட்ஸ் நகலும் இணைக்கப்பட்டுள்ளன. வரும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டுகிறோம்."

கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை எஸ்.எம்.சி.க்குத் தருகிறது. அந்தத் திட்டத்தில் இந்தக் கோரிக்கை ஏற்கெனவே இருக்கிறது என்று காட்ட முடிந்தால் மனுவின் எடை கூடும். எய்டட் பள்ளிகளில் எஸ்.எம்.சி. ஆலோசனைக் குழு மட்டுமே, அங்கே மேனேஜர் கடிதம் முதலில். கொடுத்த மனுவுக்குத் தபால் எண்ணோடு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

7. பணம் வந்த பிறகு

பில் பள்ளியின் பெயரில், ஹெச்.எம். பதவியின் பெயரில் இருக்க வேண்டும். தனிப்பட்ட டீச்சர் பெயரில் இணைப்பு எடுத்தால், அவர் டிரான்ஸ்ஃபர் ஆன மாதமே சிக்கல் தொடங்கும். ஸ்டாக் ரெஜிஸ்டரில் கருவியின் சீரியல் எண், எந்த நிதி, வாரண்டி முடியும் தேதி மூன்றையும் எழுதுங்கள். செலவுச் சான்றை பி.ஆர்.சி. அல்லது பஞ்சாயத்து கேட்கும் முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய பணத்துக்குக் கணக்குக் கொடுக்காத பள்ளிக்கு அடுத்தது வர இழுக்கும்.

8. நெட் நின்றால்

காற்று மாதமான ஆனி, ஆடியில் மரம் விழுந்து கேபிள் அறுவதும், மூணாறு மேட்டில் மண் சரிவதும் வழக்கம். எப்போது நின்றது, எப்போது புகார் கொடுத்தோம், புகார் எண், எப்போது சரியானது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஸ்பீட் டெஸ்ட் எடுப்பதாக இருந்தால் வைஃபையில் வேண்டாம், மோடத்திலிருந்து கேபிள் போட்டு எடுத்துத் தேதியோடு பதியுங்கள். "சரியா வரதில்லை சார்" என்று போனில் சொல்வது எங்கும் பதிவாகாது.

மனுவுக்கோ புகாருக்கோ பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். ஒரு வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். ஏன் தரவில்லை என்று கேட்காதீர்கள். "இன்ன தேதியில் கொடுத்த இன்ன எண் மனுவின் மீது இதுவரை எடுத்த நடவடிக்கை, ஃபைல் இப்போது இருக்கும் செக்‌ஷன், அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அரசு ஊழியரான ஹெச்.எம். பெயரில் இதைப் போடுவதைவிட ஒரு பெற்றோர் பெயரில் போடுவதே வசதி.